பயனர் கையேட்டை வாடிக்கையாளரே திருத்தலாமா?

கேள்வி கேட்டவர், யாழ்ப்பாணத்தில் கடைகளுக்கான பில்லிங், இருப்புக் கணக்கு மென்பொருள் செய்து விற்கும் ஒரு சிறு நிறுவனத்தின் பங்காளி. பலசரக்குக் கடை, பாமசி, புடவைக் கடை, ஹாட்வெயார் என்று பல இடங்களில் அவர்களுடைய மென்பொருள் ஓடுகிறது. அவர் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: எங்கள் உதவிப் பக்கங்கள் பழசாகிக்கொண்டே போகின்றன, எழுத ஆள் இல்லை, கடைக்காரர்களில் சிலருக்கு எங்களைவிட நன்றாகவே மென்பொருள் பிடிபட்டிருக்கிறது, அவர்களே பக்கங்களைத் திருத்தட்டும் என்று திறந்து விடலாமா?

என் பதில்: வாடிக்கையாளர் தாராளமாக எழுதட்டும். வெளியிடுவது மட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். ஆனால் எழுத ஆள் இல்லை என்ற காரணத்துக்காகத் திறப்பதானால் திறக்கவே வேண்டாம். திறந்த பிறகுதான் உங்களுக்கு ஆள் கூடுதலாகத் தேவைப்படும்.

நான் கடைகளுக்கு மென்பொருள் பொருத்தி, கையேடு எழுதி, போனில் உதவி சொல்லி வருகிறவன். இதில் இரண்டு பக்கமும் கண்ணால் கண்டவை உண்டு. முதலில் வாடிக்கையாளர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறுவனங்கள் அதைக் குறைத்தே மதிக்கின்றன.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். அந்த நாட்களில் கடைகளுக்குள் என்ன நடந்தது? யூபிஎஸ் சில நிமிடம் தாங்கும். ஜெனரேட்டர் இருக்கிற கடையிலும் அதை ஸ்டார்ட் பண்ணி லைனை மாற்றுவதற்குள் கொம்பியூட்டர்கள் விழுந்துவிடும். கரண்ட் வந்த உடனே கவுண்டரில் நிற்கிற பெடியன் எல்லா மிசினையும் ஒன்றாகப் போடுவான். கவுண்டர் மிசின், கடையின் தரவெல்லாம் இருக்கிற பெரிய மிசினான சேர்வரைவிட முந்தி எழும்பும், சேர்வரைத் தேடும், கிடைக்காது. திரையில் சிவப்பாக ஒரு செய்தி வரும். கடைக்காரர் மென்பொருள் பழுதாகிப்போச்சு என்று போன் எடுப்பார். முன்னால் சனம் வரிசையில் நிற்கும்.

மென்பொருள் எழுதுகிற அலுவலகத்தில் இது தெரிய வழியே இல்லை. அங்கே பரிசோதிக்கிற மிசின் ஒன்றுதான். சேர்வரும் அதுவே, கவுண்டரும் அதுவே. இதற்கு விடை நெல்லியடியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப் குரல்பதிவாக வந்தது. போனில் உதவி சொல்கிற பிள்ளைக்கு அவர் அனுப்பியது இது: "தங்கச்சி, கரண்ட் வந்த உடனை எல்லாத்தையும் ஒண்டாப் போடக்கூடாது. முதல்ல உள் அறையில இருக்கிற பெரிய மிசினைப் போட்டு, அது முழுக்க எழும்பினாப் பிறகு ரவுட்டரை ஒருக்கா நிப்பாட்டிப் போட்டு, கடைசியாத்தான் கவுண்டரைப் போட வேணும். நான் என்ர பெடியளுக்கு அப்பிடித்தான் பழக்கி வைச்சிருக்கிறன். இதை மற்றக் கடைக்காரருக்கும் சொல்லுங்கோ."

அந்தப் பிள்ளை அதை அப்படியே நான்கு வரியாக எழுதி உதவிப் பக்கமாகப் போட்டார். நாங்கள் எழுதிய பக்கங்களில், கடைக்காரர் அச்செடுத்துக் கவுண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்ததை நான் கண்டது அந்த ஒரு பக்கத்தைத்தான். எந்த மென்பொருள் எழுத்தாளனும் அலுவலகத்தில் இருந்துகொண்டு அதை எழுதியிருக்க முடியாது. வேலை நடக்கிற இடத்தில் எது சிக்கும், எந்த நேரத்தில் சிக்கும், அப்போது பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பதெல்லாம் பாவிக்கிறவருக்கு மட்டுமே தெரியும். ஆகவே வாடிக்கையாளரை எழுத விடாத கையேடு எப்போதும் அரைக் கையேடுதான்.

சரி, இனி மற்றப் பக்கம்.

ஒரு பாமசியில் காலாவதியான மருந்துகளை இருப்பிலிருந்து எடுப்பதற்கு அங்கே வேலை செய்கிறவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். விலையைப் பூச்சியமாக்கி, அந்த மருந்துகளுக்கு ஒரு விற்பனைப் பில் அடிப்பது. பில் அடித்ததும் இருப்புக் குறையும். காசுப் பெட்டியில் வித்தியாசம் வராது. அலுமாரியில் இருப்பதும் திரையில் இருப்பதும் சரியாக ஒத்துப்போகும். அவர் அதை மிக அழகாக, படிப்படியாக, ஸ்கிரீன்ஷொட் எல்லாம் எடுத்து எழுதி, உதவிப் பக்கத்தில் போடச் சொல்லி அனுப்பினார். வாசித்தால் நிறுவனம் எழுதியதைவிடத் தெளிவாக இருந்தது. ஆனால் பிழை.

எங்கே பிழை என்றால், அடுத்த மாதம் என்ன மருந்து எவ்வளவு வாங்க வேண்டும் என்று மென்பொருள் ஒரு பட்டியல் தருகிறது அல்லவா, அது விற்பனை எண்ணிக்கையைப் பார்த்துத்தான் தருகிறது. பூச்சிய விலையில் அடித்த பில்லும் அதற்கு விற்பனைதான். யாரும் வாங்காமல் கிடந்து காலாவதியான மருந்து, நன்றாக விற்கிற மருந்தாக அதற்குத் தெரியும். அதே மருந்தை இன்னும் கூடுதலாக வாங்கச் சொல்லும். இன்னொன்று, வழங்குநரிடம் திருப்பிக் கொடுத்துக் காசு கழிக்க வேண்டிய சரக்கு, விற்றுத் தீர்ந்ததாகப் பதிவாகிவிடும். பிறகு எந்தத் தொகுதி இலக்கத்தில் எத்தனை அட்டை திருப்பிக் கொடுத்தது என்று கேட்டால் காட்ட ஒன்றும் இராது.

அந்த ஊழியர் கெட்டிக்காரர். சோம்பல்படவும் இல்லை, தெரியாமல் உளறவும் இல்லை. தன் கண்ணுக்குத் தெரிந்த இரண்டு இடங்களில், அலுமாரியிலும் காசுப் பெட்டியிலும், சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினார். மூன்றாவது இடம் அவருடைய திரையில் இல்லை. கொள்வனவுப் பட்டியலை முதலாளி தன்னுடைய கடவுச்சொல்லில் திறந்து பார்ப்பார், ஊழியருக்கு அந்த மெனுவே வராது. அந்தப் பக்கத்தை அப்படியே வெளியிட்டிருந்தால், அதே மென்பொருளைப் பாவிக்கிற மற்றப் பாமசிகளும் அதைப் பார்த்துச் செய்திருக்கும். பக்கத்தின் மேலே நிறுவனத்தின் பெயர் இருக்கிறதே, நம்பாமல் என்ன செய்வார்கள்?

நான் வெளியிடுகிற அதிகாரத்தை விட்டுவிடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். ஆனால் அந்தக் குறிப்பைக் குப்பையில் போட்டிருந்தாலும் பெரிய நட்டம். காலாவதிச் சரக்கு நீக்குவதற்கு மென்பொருளில் தனியாக ஒரு வசதி இருந்தது. அது "இருப்புச் சீராக்கம்" என்ற தலைப்புக்குள் மூன்றாவது அடுக்கில் புதைந்து கிடந்தது. ஒரு கெட்டிக்கார ஊழியர் அதைக் காணாமல் சுற்றுவழி தேடியிருக்கிறார் என்றால், திருத்த வேண்டியது மெனுவை. பிழையான திருத்தத்துக்கும் இப்படி ஒரு பெறுமதி உண்டு. எல்லாரும் நேரே திருத்துகிற விக்கியில் அந்தப் பெறுமதி காணாமல் போய்விடும். யாரோ ஒருவர் பிழையைக் கண்டு அழித்துவிடுவார், ஏன் அப்படி எழுதினார் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

வரி விசயமும் இதே வகைதான். 2022இல் மட்டும் வற் எனப்படும் பெறுமதி சேர் வரி இரண்டு தடவை ஏறியது. யூனில் 8 சதவீதம் 12 ஆனது, செப்டெம்பரில் 15 ஆனது. பிறகு 2024 ஜனவரி முதலாம் திகதி 18 ஆனது. அதோடு, பதிவு செய்யவேண்டிய ஆண்டு விற்பனை எல்லையும் 80 மில்லியன் ரூபாவிலிருந்து 60 மில்லியனுக்கு இறங்கியது. இப்படியான நேரத்தில் உதவிப் பக்கத்தில் பழைய வீதம் இருப்பதை முதலில் காண்பவர் கடைக்காரர்தான். "அண்ணை, இதில இன்னும் 15 எண்டு கிடக்கு" என்று அவர் சொன்னால், அந்த இலக்கத்தை அவரே மாற்றினாலும் குடிமுழுகிப் போகாது. ஆனால் மென்பொருளில் அதை எப்படி மாற்றுவது என்ற அடுத்த வசனத்தை அவர் எழுதக்கூடாது. பலர் செய்வது, இருக்கிற வரிக் குறியீட்டைத் திறந்து 15ஐ அழித்து 18 போடுவது. பல சிறிய மென்பொருள்களில், பழைய பில்லை மறுபடி அச்செடுக்கும்போதும், பழைய பில்லுக்குச் சாமான் திருப்பி எடுக்கும்போதும் வரியை அந்தக் குறியீட்டிலிருந்துதான் எடுக்கும். டிசெம்பரில் 15 சதவீதத்துக்கு விற்ற சாமான் ஜனவரியில் திரும்பி வந்தால் 18 சதவீதம் கழித்துக் கொடுத்துவிடும். பழையதைத் தொடாமல், தொடங்கும் திகதியோடு புதிய குறியீடு ஒன்று சேர்ப்பதுதான் முறை. இந்த வித்தியாசம் ஏன் என்று மென்பொருள் எழுதியவருக்குத்தான் தெரியும்.

இன்னொரு சிக்கலையும் நிறுவனங்கள் யோசிப்பதில்லை. எல்லாக் கடையிலும் ஒரே மென்பொருள் ஓடுவதில்லை. ஒரு கடையில் விண்டோஸ் 7 மிசின், அதனால் பழைய பதிப்பிலேயே நிற்கிறார்கள். இன்னொரு கடையில் பொருத்தப் போனவர் முதலாளியின் விருப்பத்துக்கு விசைகளை மாற்றி வைத்திருக்கிறார். "எஃப் 8 அழுத்தினால் பில் நிறுத்தி வைக்கப்படும்" என்று ஒரு கடைக்காரர் எழுதினால், அவருடைய கடையில் அது முழு உண்மை. அடுத்த கடையில் எஃப் 8 பில்லை ரத்துச் செய்யும். எழுதியவர் பொய் சொல்லவில்லை, வாசித்தவர் பிழையாகச் செய்யவில்லை, ஆனால் பில் போய்விடும். எந்தப் பதிப்பு, எந்த அமைப்பு, யாருடைய கடவுச்சொல் என்ற மூன்றும் குறிக்கப்படாத திருத்தத்தை ஏற்காதீர்கள்.

பெரிய இடங்களில் இதை எப்படிச் செய்து பார்த்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் யோசனை புதியதல்ல. வார்ட் கனிங்ஹாம் 1995இல் முதல் விக்கியைத் தொடங்கியதிலிருந்தே, வாசிக்கிறவர் திருத்தட்டும் என்ற எண்ணம் பலரைப் பிடித்திருக்கிறது. மைக்ரோசொப்ட் 2016இல் தன் தொழில்நுட்ப ஆவணங்களைப் புதிய தளத்துக்கு மாற்றியபோது, பக்கத்தில் ஒரு திருத்தப் பொத்தானை வைத்தது. அழுத்தினால், நிரலையும் ஆவணங்களையும் பலர் சேர்ந்து திருத்துகிற கிட்ஹப் என்ற தளத்துக்குப் போகும், அங்கே நீங்கள் திருத்தத்தை முன்மொழியலாம், பக்கத்துக்குப் பொறுப்பானவர் பார்த்துச் சேர்ப்பார். நேரே மாற்ற முடியாது. ஃபயர்பொக்ஸ் உலாவியின் உதவிப் பக்கங்களும் அப்படித்தான். தொண்டர்கள் பலர் எழுதுகிறார்கள், கணக்கு வைத்திருக்கிற எவரும் திருத்தலாம், ஆனால் பார்வையிடுகிறவர் ஒப்புதல் தந்த பிறகுதான் அது வாசகருக்குத் தெரியும். ஃபயர்பொக்ஸைச் செய்கிற மொஸில்லா தொண்டர் உழைப்பில் வளர்ந்த அமைப்பு, அவர்களே இந்தக் கதவை வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இணையத்தளங்கள் செய்யப் பாவிக்கிற பிஎச்பி என்ற நிரல் மொழியின் கையேடு வேறு வழி பிடித்தது. கையேட்டுப் பக்கத்தில் வாசகர் கை வைக்க முடியாது, ஆனால் பக்கத்துக்குக் கீழே குறிப்பு எழுதலாம். அந்தக் குறிப்புகளில் எத்தனையோ பேருடைய வேலை மிச்சமாகியிருக்கிறது. குறை என்னவென்றால், பழைய பதிப்புக்கு எழுதிய குறிப்பு, மொழி மாறிய பிறகும் கீழே கிடக்கும். பாதுகாப்பில்லாத வழியைச் சொல்கிற குறிப்பையும் புதியவர் அப்படியே பிரதி எடுப்பார். மேலே கையேடு சரியாக இருந்தாலும், சனம் கீழே இருக்கிற உதாரணத்தைத்தான் எடுக்கும்.

தோற்றவையும் உண்டு. நிரல் எழுதுகிறவர்களுக்கான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற தளம் கேள்வி பதிலில் கொடிகட்டிப் பறந்த காலத்தில், 2016இல் ஆவணங்களுக்கென்று ஒரு பகுதி தொடங்கியது, பாவனையாளரே எழுதிப் பாவனையாளரே திருத்துவது. 2017 ஓகஸ்டில் மூடிவிட்டார்கள். கேள்விக்குப் பதில் எழுதுகிறவருக்கு முன்னால் சிக்கலில் நிற்கிற ஒரு ஆள் இருக்கிறார், பொதுவான கையேட்டுப் பக்கத்துக்கு அப்படி ஒருவரும் இல்லை. எழுத்தில் அது தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். அமேசனின் மேகக் கணினிப் பிரிவு 2018இல் தன் ஆவணங்களைக் கிட்ஹப்பில் போட்டுத் திருத்தங்களை வரவேற்றது, 2023இல் பெரும்பாலானவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மூலப் பிரதி உள்ளே ஓரிடத்தில், திருத்தம் வருவது வெளியே வேறிடத்தில், இரண்டையும் கையால் ஒத்துப்பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அவர்களிடமே அதற்கு ஆள் பலம் கட்டவில்லை என்றால், நாலைந்து பேர் இருக்கிற நிறுவனத்துக்கு எப்படிக் கட்டும்? ஆகவே என்ன செய்தாலும் மூலப் பிரதி ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். மென்பொருளுக்குள் ஒரு உதவிக் கோப்பு, இணையத்தில் ஒன்று, பொருத்தப் போகிறவரின் பென்டிரைவில் ஒரு பிடிஎஃப் என்று மூன்று இருந்தால், திருத்தத்தைத் திறப்பதற்கு முன் அதை ஒன்றாக்குங்கள்.

நாசவேலைக்குப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். லொஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் 2005 யூனில் தன் ஆசிரியத் தலையங்கத்தையே வாசகர் திருத்தலாம் என்று விட்டு, ஆபாசப் படங்கள் வந்து விழ, சில நாட்களில் மூடியது. உங்களுக்கு அந்தப் பயம் தேவையில்லை. உங்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவரின் பெயரும் கடையும் உங்களுக்குத் தெரியும். உங்களுக்கு வரப்போகிற பிரச்சினை, ஒருவரும் எழுதாமல் இருப்பது.

ஏன் எழுதமாட்டார்கள் என்று நேர்மையாகப் பார்க்க வேண்டும். தமிழில் எழுதுவதற்கு ஆட்கள் இல்லை என்று சொல்லவே முடியாது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் காலெடுத்து வைத்தபோது அதைத் தூக்கி நிறுத்தியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த இ. மயூரநாதன். ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்துகிற நூலகம் திட்டம் 2005இலிருந்து தொண்டர்களால் ஓடுகிறது. காசு வாங்காமல் நமது ஆட்கள் மலைபோல் வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் அவை பொதுச் சொத்து. உங்கள் மென்பொருளுக்குக் கடைக்காரர் காசு கட்டி வாங்கியிருக்கிறார், வருடா வருடம் பராமரிப்புக் கட்டணமும் கட்டுகிறார். அந்தக் கட்டணத்துக்குள் கையேடும் அடங்கும் என்றுதான் அவர் நினைப்பார், அது நியாயமும்கூட. இராத்திரி ஒன்பது மணிக்குக் கடை பூட்டிவிட்டு வந்து உங்கள் வேலையை அவர் ஏன் செய்ய வேண்டும்?

இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அடிப்படைக் கையேட்டை, அதாவது பில் அடிப்பது, சரக்கு ஏற்றுவது, நாள் முடிப்பது, தரவுக்குப் பாதுகாப்புப் பிரதி (பேக்கப்) எடுப்பது ஆகியவற்றை நிறுவனம் தன் செலவில், தன் ஆளை வைத்து எழுதி முடிக்க வேண்டும். அதைச் செய்யாமல் வெற்றுப் பக்கங்களைத் திறந்து விட்டு "நீங்களே நிரப்புங்கள்" என்பது வாடிக்கையாளரின் தலையில் வேலையைக் கட்டுவது. முக்கால்வாசி சரியாக இருக்கிற பக்கத்தைத்தான் மனிதர் திருத்துவார்கள். வெற்றுப் பக்கத்தை மூடிவிட்டுப் போன் எடுப்பார்கள்.

எழுதித் தந்தவருக்கு என்ன கொடுப்பது? பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கும் முறை எனக்குப் பிடிக்கவில்லை, தேவையில்லாத பக்கங்கள் பெருகும். அவர் சம்மதித்தால் கடையின் பெயரைப் பக்கத்தின் அடியில் போடுங்கள். நல்ல குறிப்புத் தந்தவருக்கு அந்த வருடப் பராமரிப்புக் கட்டணத்தில் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், அவர் சொன்னது என்ன ஆனது என்று அவருக்குத் திரும்பச் சொல்வது. ஏற்றால் ஏற்றோம், ஏற்காவிட்டால் இன்ன காரணம். பாமசி ஊழியருக்குப் போன் எடுத்துக் கொள்வனவுப் பட்டியலைப் பற்றி விளக்கியபோது, அவர் கோபிக்கவில்லை. பிறகும் பல குறிப்புகள் அனுப்பினார், ஒவ்வொன்றிலும் "இது வேறெங்கையும் பாதிக்குமோ பாருங்கோ" என்று ஒரு வரி சேர்த்திருந்தார். பதில் கிடைக்காத வாடிக்கையாளர் இரண்டாம் தடவை எழுதமாட்டார்.

அப்புறம் வழி. இங்கே கடைக்காரர் இணையப் பக்கத்தில் திருத்தப் பொத்தானை அழுத்தி உட்கார்ந்து தட்டச்சுச் செய்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவருக்குக் கைவந்தது வாட்ஸ்அப். அதுவும் குரல்பதிவு. ஆகவே விக்கி மென்பொருள் எது நல்லது என்று தேடி நேரம் செலவழிப்பதைவிட, ஒவ்வொரு உதவிப் பக்கத்துக்கும் ஒரு இலக்கம் கொடுங்கள், பக்கத்தின் அடியில் "இதில் பிழை உண்டா?" என்று ஒரு பொத்தான் வையுங்கள், அழுத்தினால் உங்கள் அலுவலக வாட்ஸ்அப் அந்தப் பக்க இலக்கத்தோடு திறக்கட்டும். அவர் பேசி அனுப்பட்டும், அல்லது திரையைப் படம் எடுத்து அனுப்பட்டும். பக்க இலக்கம் இருந்தால் போனிலும் "34ஆம் பக்கத்தைப் பாருங்கோ அண்ணை" என்று சொல்லி முடித்துவிடலாம்.

எழுதி அனுப்புகிறவர்களிடமிருந்து இரண்டு தொல்லை வரும், முன்கூட்டியே அறிந்து வையுங்கள். ஒன்று, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிற பழைய பாமினி எழுத்துரு. இங்கே அச்சகத்திலும் அலுவலகத்திலும் தட்டச்சுப் பழகிய பலர் இன்னும் அதில்தான் அடிக்கிறார்கள். அவர்களுடைய வேர்ட் கோப்பைப் பிரதி எடுத்து உதவிப் பக்கத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் விழும். அந்த எழுத்துருவைப் பக்கத்தில் வலிந்து சேர்த்துத் தமிழாகக் காட்டினாலும் தேடலில் அகப்படாது, போனிலும் ஒழுங்காகத் தெரியாது. யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் போட வேண்டும். மாற்றிய பிறகும் இலக்கங்களையும் நிறுத்தக்குறிகளையும் ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும். மற்றது ஸ்கிரீன்ஷொட். கடைக்காரர் எடுக்கிற படத்தில் அவருடைய கடன் வாடிக்கையாளரின் பெயர், போன் இலக்கம், எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் இருக்கும். ஊர்ப்பக்கத்தில் ஒருவருடைய கடன் பாக்கி வெளியில் வருவது எவ்வளவு பெரிய அவமானம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாப்பதற்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இருக்கிறது. அவர் அனுப்பிய படத்தை அழித்துவிட்டு, உங்கள் பரிசோதனைத் தரவில் அதே திரையைத் திறந்து புதிதாக எடுங்கள். கறுப்புக் கோடு போட்டு மறைப்பதை நம்பாதீர்கள், எங்கோ ஒரு மூலையில் ஒரு இலக்கம் தப்பி நிற்கும்.

இவற்றையெல்லாம் செய்ய ஒரு ஆள் வேண்டும் என்று இப்போது விளங்கியிருக்கும். முழுநேர ஆள் தேவையில்லை. போனில் உதவி சொல்கிறவர்களில், பொறுமையும் எழுத்தும் உள்ள ஒருவருக்குக் கிழமையில் ஒரு அரைநாள் இதற்கென்றே ஒதுக்கிக் கொடுங்கள், அந்த அரைநாளில் போன் அவருக்குப் போகக்கூடாது. வந்த குறிப்பை அவர் பரிசோதனைத் தரவில் முதலாளி கடவுச்சொல்லிலும் ஊழியர் கடவுச்சொல்லிலும் செய்து பார்க்க வேண்டும். காசு, வரி, இருப்பு மூன்றின் அறிக்கைகளையும் முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டும். சந்தேகம் வந்தால் நிரல் எழுதியவரைக் கேட்க உரிமை வேண்டும், அவர் "பிறகு பார்ப்போம்" என்று தட்டிக் கழிக்கக்கூடாது. யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு பக்கத்தோடு கிடக்க வேண்டும், பிழை என்று தெரிந்தால் பழையதற்கு ஒரு நிமிடத்தில் திரும்ப முடிய வேண்டும்.

எவருக்கும் நேரடித் திருத்தம் கொடுக்கவே கூடாதா என்றால், கொடுக்கலாம். கடையில் வேலையை எப்படி ஒழுங்கு செய்கிறோம் என்ற வகைப் பக்கங்கள் இருக்கின்றன. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கூடுதல் கவுண்டர் போடுவது, தீபாவளி நேரத்தில் புடவைக் கடையில் சைஸ்வாரியாக லேபல் ஒட்டுவது, புதிதாக வந்த பெடியனுக்கு முதல் கிழமை எதைப் பழக்குவது என்பன போல. இவற்றில் உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அவர்களுக்கு எல்லாம் தெரியும். பல தடவை நல்ல குறிப்புத் தந்த கடைக்காரர் சிலருக்கு இந்தப் பக்கங்களை முழுதாகவே விட்டுவிடுங்கள். "பாவனையாளர் அனுபவம்" என்று மேலே எழுதி, நிறத்தையும் மாற்றி, நிறுவனம் எழுதியதிலிருந்து பிரித்துக் காட்டுங்கள். நேர்மாறாக, பிரதி எடுப்பது, பிரதியிலிருந்து மீட்பது, வருட முடிப்பு, வரிக் குறியீடு, பழைய பில்லை ரத்துச் செய்வது ஆகிய பக்கங்களை எவ்வளவு நம்பிக்கையான வாடிக்கையாளருக்கும் திறக்காதீர்கள். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே தரவுக் கோப்பைப் பென்டிரைவுக்கு இழுத்துப் போட்டால் பிரதி எடுத்தாயிற்று என்று நினைக்கிற கடைக்காரர் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அப்படி எடுத்த கோப்பு சில நேரம் திறக்கும், சில நேரம் பாதியில் உடைந்திருக்கும். உடைந்தது என்று தெரிய வருவது ஹாட்டிஸ்க் போன நாளில்தான். அந்த வழியைச் சொல்கிற வசனம் உங்கள் கையேட்டில் ஒரு மணித்தியாலம்கூட இருக்கக்கூடாது.

எழுதியது யாருக்குச் சொந்தம் என்பதையும் தொடக்கத்திலேயே ஒரு பத்தியில் எழுதி வையுங்கள். கடைக்காரர் நாளைக்கு வேறு நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறிப்போகலாம். அவர் தந்த குறிப்பை நீங்கள் தொடர்ந்து பாவிக்கலாமா, பெயரை எடுத்துவிடச் சொன்னால் எடுப்பீர்களா, அவர் அதே குறிப்பைத் தன் சொந்தக்காரருடைய கடைக்குக் கொடுக்கலாமா? என் விருப்பம்: மூன்றுக்கும் ஆம் என்று எழுதுங்கள். கடைக்காரர் தந்த அறிவைப் பூட்டி வைப்பதில் உங்களுக்கு ஒரு இலாபமும் இல்லை.

தொடங்குவதற்கு, கடந்த மூன்று மாதத்தில் எந்த விசயத்துக்குப் போன் கூடுதலாக வந்தது என்று உங்கள் உதவிப் பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் உடனே சொல்லுவார்கள். அதில் ஐந்து பக்கத்தை மட்டும் எடுத்து, ஒழுங்காக எழுதி, இலக்கம் போட்டு, வாட்ஸ்அப் பொத்தானோடு வெளியிடுங்கள். சுன்னாகம், சாவகச்சேரி, நெல்லியடி என்று வேறு வேறு இடத்தில், வேறு வேறு வியாபாரம் செய்கிற சில கடைக்காரரிடம் நேரே போய், "இதில் எது உங்கள் கடையில் இப்படி நடப்பதில்லை?" என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இன்னொரு மூன்று மாதம் கழித்து அதே ஐந்து விசயத்துக்கு வருகிற போன் குறைந்திருந்தால் அடுத்த பக்கங்களுக்குப் போங்கள். குறையாவிட்டால், பக்கத்தை எழுதியது நீங்களா கடைக்காரரா என்று பார்க்காமல், கவுண்டரில் அரைநாள் நின்று அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள்.